குளத்தங்கரையில் ஒரு துவாய்

ஆபிரிக்க மண்ணை ஒருநாளும் மிதிக்காத புஸ்பவதிக்கு, தான்சானியாவின் மேற்கு மூலையில் கிடக்கும் ஒரு குளத்தின் கரை முழுவதும் தெரியும். எந்தப் பக்கம் சேறு ஆழம், எந்தப் பனையில் மீன்கழுகு வந்து குந்தும், முதலை எந்தப் பொந்துக்குள் வாயைப் பிளந்தபடி கிடக்கும் என்று கேட்டால், வெங்காயம் உரிக்கும் கையை நிறுத்தாமலே சொல்லுவாள். ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சனில், மூன்றாம் மாடி வீட்டுக் குசினியில், சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த டப்லெட்டுக்குள் அந்தக் குளம் இருந்தது.

அவளுடைய மகன் சேயோன் அங்கேதான் இருந்தான். கிட்டிய பட்டினத்துக்கே ஒரு பகல் முழுக்க ஜீப்பில் குலுங்கிப் போகவேண்டிய காட்டுப் பூங்கா அது. உல்லாசப் பயணிகள்கூட அங்கே எப்போதாவதுதான் எட்டிப் பார்ப்பார்கள். கோடையில் ஆறு வற்றும்போது நீர்யானைகள் என்ன செய்கின்றன, எத்தனை தப்பிப் பிழைக்கின்றன என்று ஆராய்வது அவன் வேலை. அதற்காகக் குளக்கரையில் ஒரு கம்பம் நட்டுக் கமரா பூட்டியிருந்தார்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை அது ஒரு படம் பிடித்து இணையத்தில் போடும். படித்த ஆட்களுக்காக வைத்த கமரா. அதை உலகத்திலேயே கூடுதலாகப் பார்த்தவள், முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் கிழங்கு சீவும் புஸ்பவதிதான்.

மழைக்காலத்தில் அது குளமே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம்வரை தண்ணீரும் புல்லும். அடிவானத்தில் மை தொட்டுக் கோடு இழுத்ததுபோலக் காட்டெருமைகள். ஆனி பிறந்தால் தண்ணீர் பின்வாங்கத் தொடங்கும். புல் முதலில் பொன்னாகும், பிறகு சாம்பலாகும். வரிக்குதிரைகள் முழங்கால் புதைய இறங்கி மிச்சத் தண்ணீரை உறிஞ்சும். யானைகள் பனைமரத்தை நெற்றியால் முட்டிப் பழம் விழுத்தும். புரட்டாதி வந்துவிட்டால், அந்த வட்டாரத்து நீர்யானைகள் எல்லாம் ஒரே சேற்றுக் குழிக்குள், ஹம் நகரத்து அம்மன் கோயில் தேருக்கு நெருக்குப்படும் சனம்போல, ஒன்றின் முதுகில் ஒன்று தலைவைத்துக் கிடக்கும். மொட்டைத்தலை நாரைகள் கரையில் வரிசையாக நின்று, யாராவது சாகமாட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கும்.

"உம்மட மோன் டொக்டருக்குப் படிக்கிறான் எண்டீர். இப்ப நீர்யானைக்கு ஊசி போடுறானோ?" என்று கீழ் மாடிச் சுந்தரேஸ்வரி அக்கா ஒருநாள் கேட்டாள்.

"ஊசி போடேல்லை அக்கா. எண்ணுறான்."

"எண்ணுறதுக்கோ இவ்வளவு படிப்பு? என்னைக் கூப்பிட்டிருந்தால் நானும் போயிருப்பன்."

புஸ்பவதிக்குச் சிரிப்பு வந்தது. மகன் அத்தனை தூரம் போனபோது அழுது ஓய்ந்த கண்கள்தான். ஆனாலும் அந்தக் கமரா வந்த பிறகு அவள் மனம் ஆறியிருந்தது. காரணம், தாய்க்கும் மகனுக்கும் இடையே ஏற்பட்டிருந்த ஒரு வழக்கம்.

தினமும் பொழுதுபடுமுன் சேயோன் குளக்கரைக்கு வருவான். கமராக் கண்ணாடியில் படிந்த புழுதியைத் துடைப்பான். பிறகு கமராவுக்கு முன்னால் தள்ளி நின்று, குளித்துத் துடைக்கவென்று அவள் சூட்கேசில் வைத்து அனுப்பிய சிவப்புத் துவாயை இரண்டு கையாலும் தலைக்கு மேலே பிடிப்பான். அடுத்த படம் விழும்வரை அசையாமல் நிற்பான். வேலை முடிந்து ஓடோடி வந்த புஸ்பவதி சப்பாத்தையும் கழற்றாமல் குசினிக்குள் போய் டப்லெட்டைத் திறப்பாள். படத்தைக் கண்டதும் கைப்பேசியில் ஒரே ஒரு சொல் எழுதி அனுப்புவாள்: கண்டன். கம்பத்திலேயே இணையப் பெட்டி இருந்ததால் அந்தச் சொல் அவனுக்கு அங்கேயே கிடைக்கும். அது கிடைத்த பிறகுதான் அவன் முகாமுக்குத் திரும்புவான். இந்த ஏற்பாட்டைக் கேட்டவள் அவள்தான். "ஒருக்கா முகத்தைக் காட்டிப்போட்டுப் போ தம்பி. நான் கண்டன் எண்டு சொன்னாப் பிறகு போ."

கண்டன் என்ற அந்தச் சொல்லில்தான் அவளுடைய சோறும் நித்திரையும் தங்கியிருந்தன.

அந்த வருடம் மழை பிந்தியது. ஐப்பசியிலும் வானம் வெளித்துக் கிடந்தது. குழிக்குள் தண்ணீர் போய்ச் சேறு மட்டும் மிஞ்சியது. படங்களில் நீர்யானைகளின் முதுகுகளில் பல் பதிந்த சிவப்புக் கோடுகள் தெரிந்தன. ஒற்றைக் காது கிழிந்த ஒரு பெரிய கிடா சில நாளாகக் குழிக்கு வெளியே, கம்பத்துக்குக் கிட்டவுள்ள பற்றைக்குள் தனியே படுத்திருப்பதைப் புஸ்பவதி கவனித்தாள்.

"அது தோத்துப் போன கிடா அம்மா," என்று தொலைபேசியில் சேயோன் சொன்னான். "தண்ணி வத்த வத்த அதுகளுக்கு விசர் கூடும். மற்றதுகள் அதைக் கடிச்சுத் துரத்திப் போட்டுதுகள்."

"ஐயோ பாவம். வெய்யிலுக்குத் தோல் வெடிச்சுப் போகுமே."

"அதுக்குப் பாவம் பாக்கிறியள். நாங்கள் அதுக்குக் கிட்டப் போகேலாது. பொழுதுபட எழும்பிப் புல்லுக்குப் போகும். அப்ப முன்னுக்கு நிண்டால் கதை முடிஞ்சுது."

"அப்ப நீ வெள்ளெனப் போயிடு."

"நீங்கள் கண்டன் எண்டு வெள்ளெனச் சொன்னால் நான் வெள்ளெனப் போவன்," என்று அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். விதி அப்போது பக்கத்தில் குந்தியிருந்து காது கொடுத்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

அந்தச் செவ்வாய்க்கிழமை முதியோர் இல்லத்தில் பாத்திரம் கழுவும் இயந்திரம் பழுதாகிப் போனது. நூறுபேர் சாப்பிட்ட கோப்பைகளைக் கையால் கழுவ வேண்டியிருந்தது. கைப்பேசி உடுப்பு மாற்றும் அறை அலுமாரிக்குள் பூட்டிக் கிடந்தது. முழங்கைவரை சவர்க்கார நுரையோடு நின்ற புஸ்பவதி, சுவரிலிருந்த மணிக்கூட்டை ஒருதரம் பார்த்தாள். அங்கே இங்கத்தையைவிட ஒரு மணித்தியாலம் முந்தி. பிள்ளை நிற்கப் போகிறானே என்று நினைத்தாள். கையில் இருந்ததைக் கழுவி முடித்துவிட்டுப் போவோம் என்றும் நினைத்தாள்.

வீட்டுக்கு வந்து டப்லெட்டைத் திறந்தபோது படத்தில் வெளிச்சம் ஏறக்குறைய செத்துவிட்டிருந்தது. கமராவுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருந்த குறுக்குக் கம்பியில் சிவப்புத் துவாய் தொங்கியது. சேயோன் இல்லை.

'எங்க தம்பி?' என்று எழுதினாள். பதில் வரவில்லை.

மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. படங்கள் வந்துகொண்டேயிருந்தன. துவாய் அதே கம்பியில். வரிக்குதிரைகள் வந்தன, போயின. பற்றைக்குள் கிடந்த ஒற்றைக் காதனைக் காணவில்லை. நேரம் போகப் போகப் படம் மங்கியது. அது ஏனென்று அவளுக்கு உடனே விளங்கியது. கண்ணாடியில் புழுதி ஏறுகிறது. துடைக்க ஆளில்லை.

"சிக்னல் இல்லாமல் இருக்கும்," என்றார் இரத்தினம். அவளுடைய கணவர், பொதிகள் பிரிக்கும் இடத்தில் வேலை செய்து இடுப்பு விட்டுப்போய் வீட்டிலிருப்பவர். "காடு தானே. நீர் ஏன் உதையே பாத்துக் கொண்டிருக்கிறீர்?"

மதியம் திரும்பியபோது தொலைபேசி அடித்தது. பீலிக்ஸ். சேயோனோடு பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாய்ப் படித்து, அதே முகாமில் வேலை செய்யும் ஜேர்மன் பொடியன். இந்தக் குசினி மேசையில் எத்தனையோ நாள் இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு மூக்கு வழிந்தவன்.

"பயப்பட ஒன்றுமில்லை," என்று அவன் டொச் மொழியில் சொன்னான். "சேயோனுக்குக் கொஞ்சம் சுகமில்லை. மலேரியாவாக இருக்கலாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருக்கிறோம்."

"அவனோட கதைக்க வேணும்."

"இப்போது நித்திரை. நாளைக்குக் கதைப்பான்." பிறகு பீலிக்ஸ், சேயோன் பழக்கிவிட்ட தமிழில், ஒவ்வொரு எழுத்தாக வைத்துக் கேட்டான்: "அம்மா, சாப்பிட்டீங்களோ?"

புஸ்பவதியின் கையிலிருந்து தொலைபேசி நழுவி மடியில் விழுந்தது.

எங்கள் சனத்திடம் ஒரு வழக்கம் உண்டு. செத்த வீட்டுச் செய்தியை யாரும் எடுத்த எடுப்பில் சொல்வதில்லை. கொஞ்சம் சுகமில்லை என்பார்கள். பயப்பிடாதேங்கோ என்பார்கள். பிறகு, சாப்பிட்டீங்களோ என்று கேட்பார்கள். செய்தி தெரிந்த பிறகு அந்த வயிற்றில் சோறு இறங்காது, அந்த வீட்டில் உலை ஏறாது. அதனால் ஒரு பிடி உள்ளே போகட்டும் என்று காத்திருப்பார்கள். அது பொய் இல்லை, இரக்கம்.

புஸ்பவதி அந்த இரக்கத்தை அனுபவித்தவள். ஜேர்மனிக்கு வந்த புதிதில், அகதிகளை வைத்திருந்த ஹைமின் நடைபாதைத் தொலைபேசியில் அவளுக்கும் அப்படித்தான் வந்தது. "தம்பிக்குக் கொஞ்சம் சுகமில்லை. சாப்பிட்டீங்களோ, அக்கா?" சாப்பிடவில்லை என்றாள். பக்கத்து அறைக்காரி இரண்டு துண்டு பாணில் பட்டர் பூசிக் கொடுத்து, தின்று முடியும்வரை முகத்தைப் பார்க்காமலிருந்தாள். பிறகுதான் சொன்னார்கள், ஊரில் ஷெல் விழுந்து அவளுடைய தம்பி போய்விட்டான் என்று. அந்தப் பாணின் ருசி இன்றைக்கும் அவள் நாக்கில் இருக்கிறது. அதே இரக்கத்தை அவளும் செய்திருக்கிறாள். சுந்தரேஸ்வரி அக்காவின் புருஷன் வேலையிடத்தில் சரிந்து விழுந்து போன அன்றைக்கு, மேல் மாடிக்குக் கூப்பிட்டு, இடியப்பம் பிழிந்து வைத்து, "முதல் சாப்பிடுங்கோ அக்கா, அண்ணைக்குக் கொஞ்சம் சுகமில்லையாம்" என்று சொன்னவள் அவள்தான்.

"என்ன சொன்னவன்?" என்று இரத்தினம் கேட்டார்.

"பிள்ளை போயிட்டான் எண்டு சொன்னவன்."

இரத்தினம் தொலைபேசியை எடுத்துத் திரும்ப அடித்தார். யாரும் எடுக்கவில்லை. "மலேரியா எண்டு உமக்குச் சொன்னவனோ, செத்துப்போனான் எண்டு சொன்னவனோ? வெள்ளைக்காரன் சொன்னால் சொன்னதுதான். எங்கட ஆக்கள் மாதிரிச் சுத்தி வளைக்க அவங்களுக்குத் தெரியாது."

"நான் சாப்பிட்டனோ எண்டு கேட்டவன்."

இரத்தினம் தொலைபேசியை மேசையில் வைத்தார். அவரும் யாழ்ப்பாணத்தார்தானே.

பொழுதுபட்டது. சாமிப் படத்தட்டில் இருட்டு ஏறியது. "விளக்கு வைக்கேல்லையோ?" என்று மெல்லக் கேட்டார்.

"செத்த வீட்டுத் துடக்கோட விளக்கு வைக்கிறேல்லை."

அந்தச் சொல்லைக் கேட்ட மனிசன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே கதிரையில் இருந்தார். பிறகு வெளியே போய்ப் படிக்கட்டில் நின்று யாரோடோ கைப்பேசியில் கதைத்தார். கொஞ்ச நேரத்தில் சுந்தரேஸ்வரி அக்கா வந்தாள். கையில் சாப்பாட்டுக் கரியர்.

"வீட்டில அடுப்பு எரியேல்லை எண்டு இரத்தினம் சொன்னார். புட்டும் பருப்பும் வைச்சிருக்கிறன். ஒரு வாய் தின்னும் புஸ்பம்."

புஸ்பவதி கரியரைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"அண்டைக்கு நான் உங்களுக்கு இடியப்பம் தந்தன். இண்டைக்கு நீங்கள் கொண்டந்திருக்கிறியள். கணக்குச் சரிதானே அக்கா."

"அப்பிடிச் சொல்லாதையும். எனக்கொண்டும் தெரியாது. அம்மாளாணை."

"அண்டைக்கு நானும் உப்பிடித்தான் சத்தியம் பண்ணினனான்."

சுந்தரேஸ்வரி அக்கா கரியரை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினாள். இருவரும் டப்லெட்டைப் பார்த்தபடி இருந்தார்கள். அங்கே பொழுது முன்னமே சாய்ந்துவிட்டது. பனைகள் கருநிழலாக நின்றன. ஒரு யானைக் கூட்டம் குட்டியை நடுவில் விட்டு, புழுதிக்குள் ஆவிபோல நகர்ந்து போனது. ஊரைப்போல அங்கும் பனை நிற்கிறது, பிள்ளைக்கு ஒன்றும் வராது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள். பனை நின்றது. பிள்ளையைக் காணவில்லை.

ஹனோவரில் தாதியாக வேலை செய்யும் மகள் சுபானி ரயிலேறி வந்து சேர்ந்தாள். வந்ததும் தாயைக் கட்டிப்பிடித்தாள். கண் வீங்கியிருந்தது. "ரயிலில நித்திரை இல்லை," என்றாள்.

"எனக்குத் தெரியும் பிள்ளை. நீயும் மறைக்க வேண்டாம்."

"அம்மா, அவன் உயிரோட இருக்கிறான். டொச்சுக்காரர் செத்தவனைச் செத்தவன் எண்டுதான் சொல்லுவினம். நான் ஒவ்வொரு நாளும் ஆஸ்பத்திரியில கேக்கிறன். அவையளுக்கு உங்கட விளையாட்டுத் தெரியாது."

"பீலிக்ஸுக்குத் தெரியும். என்ரை சோத்தைத் திண்டவன்."

சுபானி முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்தாள். அந்தத் திருப்பலே புஸ்பவதிக்குப் போதுமாயிருந்தது. அவள் சத்தமில்லாமல் அழுதாள். ஒப்பாரி வைக்கவும் முடியவில்லை. உடலைக் காணாமல் எதைப் பார்த்து ஒப்பாரி வைப்பது? நாரைகள் வரிசையாய் நிற்கும் அந்தச் சேற்றைப் பார்த்தா?

அடுத்த நாள் காலையும் அவள் ஒன்றும் வாயில் வைக்கவில்லை. கரியர் திறக்காமலே கிடந்தது. மதியம் கிட்ட, சுபானியின் கைப்பேசியில் முகம் பார்க்கும் அழைப்பு வந்தது. சுபானி அதைத் தாயின் முன்னால் பிடித்தாள்.

திரையில் சேயோன்.

மெலிந்து, கன்னம் ஒட்டி, உதடு வெடித்து. ஆனால் கண் இமைத்தான். மூச்சு விட்டான். "அம்மா," என்றான்.

இரத்தினம் "முருகா" என்று சொல்லி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். புஸ்பவதி திரையைத் தொட்டாள். திரும்பத் திரும்பத் தொட்டாள்.

"கொஞ்சம் காய்ச்சல்தான் அம்மா. மலேரியா. இஞ்ச எல்லாருக்கும் வாறதுதான். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ." முகத்துக்கு மிகக் கிட்டக் கைப்பேசியைப் பிடித்திருந்தான். கழுத்துக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. "அம்மா, சாப்பிட்டீங்களோ?"

புஸ்பவதியின் விரல் திரையில் அப்படியே நின்றது.

"தம்பி. போனைக் கீழ இறக்கு."

"ஏனம்மா?"

"இறக்கு."

"பெட்டில கிடக்கிறன் அம்மா. என்னத்தைப் பாக்கப் போறியள்."

"நீ எனக்குத்தான் பிறந்தனி. சாப்பிட்டனோ எண்டு ஏன் கேக்கிறாய் எண்டு எனக்குத் தெரியும். இறக்கு."

சுபானி விம்மத் தொடங்கினாள். அவளுக்கு முதல் நாளே தெரியும். பீலிக்ஸ் முதலில் அவளுக்குத்தான் எடுத்திருந்தான். அம்மாவுக்கு மெல்ல மெல்லச் சொல்லுங்கள், சாப்பிட வைத்துவிட்டுச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டவனே சேயோன்தான். சத்திரசிகிச்சை மேசைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, ஜேர்மனியில் பிறந்து வளர்ந்த அந்தப் பிள்ளை, தாயின் வழக்கத்தை மறக்காமல் நண்பனிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

கைப்பேசி மெல்ல இறங்கியது. நெஞ்சு. வயிறு. வெள்ளைப் போர்வை. போர்வைக்குள் ஒரு கால் நீண்டு கிடந்தது. மற்றக் கால் முழங்காலோடு முடிந்து, அதற்குக் கீழே போர்வை படிந்து கிடந்தது.

இரத்தினம் திரும்பி நின்று சுவரில் நெற்றியை வைத்தார்.

புஸ்பவதிக்கு மட்டும், சொன்னால் நம்பமாட்டீர்கள், அந்தக் கணத்தில்தான் மகன் உயிரோடிருக்கிறான் என்று உறுதியாயிற்று. இதைத்தான் மறைத்தார்கள். இதற்குமேல் மறைக்க ஒன்றுமில்லை. செத்தவனுக்குக் கால் போவதில்லை. அந்த நினைப்பு ஆறுதலாக வந்து, வந்த வேகத்திலேயே கத்தியாகத் திரும்பியது.

"ஒற்றைக் காதனோ?" என்று கேட்டாள்.

"ஓம் அம்மா. அது பயந்து போச்சு. அதிலயும் பிழை இல்லை."

"செவ்வாய்க்கிழமை பொழுதுபட்டிட்டுது. நீ போயிருக்க வேணும்."

"போக வெளிக்கிட்டனான்."

"நான் கண்டன் எண்டு சொல்லேல்லை. அதுக்காகத்தானே நிண்டனி?"

சேயோன் கைப்பேசியைத் திரும்ப முகத்துக்கு உயர்த்தினான். அந்த ஆஸ்பத்திரி அறையில் எங்கோ ஒரு விசிறி சுழலும் சத்தம் கேட்டது.

"இல்லையம்மா," என்றான். "கமராக் கண்ணாடி சரியான ஊத்தை. அதைத் துடைச்சுக் கொண்டு நிண்டிட்டன். நேரம் போனது தெரியேல்லை."

பொய். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத்தான் அவன் எப்போதும் துவாயை எடுப்பான். துவாய் கம்பியில் தொங்கியது. அதைத் தலைக்கு மேலே பிடித்துப் பிடித்துக் கை அலுத்துப்போய், கொஞ்சம் ஆறலாம் என்று தொங்கவிட்டிருக்கிறான். அடுத்த படத்தில் அம்மா பார்ப்பாள், அடுத்த படத்தில் பார்ப்பாள் என்று நின்றிருக்கிறான். அதே நேரம் அம்மா, யாரோ சாப்பிட்ட கோப்பையை நுரைக்குள் அமிழ்த்திக்கொண்டு நின்றாள். இதையெல்லாம் அவள் கண்ணால் கண்டதுபோல அறிந்தாள். கேட்டால் அவன் இன்னும் பத்துப் பொய் சொல்லுவான். அத்தனையும் அவளுக்காக.

"அம்மா, நான் கேட்டதுக்குச் சொல்லேல்லை. சாப்பிட்டீங்களோ?"

இரண்டு நாளாகத் தண்ணீர்கூடச் சரியாக இறங்காத தொண்டையை அவள் செருமினாள்.

"ஓம் தம்பி. சாப்பிட்டன். சுந்தரேஸ்வரி அக்கா புட்டுக் கொண்டந்தவ. நல்லாச் சாப்பிட்டன். நீ படு."

திரை அணைந்தது. இரத்தினமும் சுபானியும் விசா, விமானம், தூதரகத்தில் நேரம் எடுக்கும் டெர்மின் என்று ஏதோ உடைந்த குரலில் கதைக்கத் தொடங்கினார்கள். புஸ்பவதி எழுந்து கரியரைத் திறந்தாள். புட்டு குளிர்ந்து கட்டியாகிக் கிடந்தது. மகனிடம் சொல்லியாயிற்று, அதனால் சாப்பிட வேண்டும். உதிர்த்து ஒரு வாய் வைத்தாள். ஹைம் நடைபாதையில் தின்ற பாணின் ருசி அதில் இருந்தது. விழுங்கினாள். அடுத்த வாயை வைத்தாள்.

எதிரே சீனிப் போத்தலில் சாய்ந்திருந்த டப்லெட்டில் புதுப் படம் ஒன்று விழுந்தது. புழுதி மூடி, பனையும் குளமும் பாலுக்குள் விழுந்ததுபோல வெளுத்திருந்தன. நடுவில் மங்கலாக ஒரு சிவப்பு.

புஸ்பவதி சேலைத் தலைப்பால் திரையைத் துடைத்தாள். புழுதி அங்கே இருக்கிறது, இங்கே இல்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டே இருந்தாள்.